பேசாத இருவருக்கு உரிமம் இல்லை

ஆஸ்பத்திரி வாசலை ஒட்டி உணவு வண்டி நிறுத்த மாநகராட்சி ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கியிருந்தது. குலுக்கலில் அந்த இடம் டிரைவருக்கு விழுந்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு நடந்த முதல் நல்ல காரியம் அது. பழைய பேக்கரி வேன் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே அடுப்புமேடை கட்டி, வெளியே தானே மஞ்சள் பெயின்ட் அடித்தார். ஓட்டத் தெரியும், ரிப்பேர் பார்க்கத் தெரியும். வெந்நீர் வைக்கச் சொன்னால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சமைக்க ஆள் வீட்டிலேயே இருந்தார். அவருடைய மாமியார். அதே ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தைப் பல வருஷம் கட்டியாண்டுவிட்டு ஓய்வு பெற்றவர். அண்டா அண்டாவாகச் சூப் வைத்த அந்தக் கைக்கு மகள் வீட்டு அடுப்பு பொம்மைச் சாமான்போல இருந்தது. காலையிலேயே வேலை முடிந்துவிடும். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களில் யார் சாப்பிட்டிருக்கிறார்கள், யார் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தே கணித்துக்கொண்டிருப்பார்.

இருவரையும் ஒரே வேனில் ஏற்றும் யோசனை மகளுடையது, அதாவது டிரைவரின் மனைவியுடையது. அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த வாசலில் எத்தனை பேர் பசியோடு நிற்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள்.

ஒரே ஒரு சிக்கல். மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான் போய் வந்தது.

"இன்னும் கொஞ்சம் வேணுமான்னு அவர்கிட்ட கேளு" என்பார் மாமியார், கரண்டியை மாப்பிள்ளையின் தட்டுக்கு நேரே பிடித்தபடி.

"போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் மாப்பிள்ளை, அந்தக் கரண்டியைப் பார்த்தபடி.

மகளும் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, கழுத்து சுளுக்கிக்கொள்ளாத குறையாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

உரிமம் வாங்க வேண்டுமானால் வண்டியை மாநகராட்சிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்த வேண்டும். சோதிக்க வந்தவர் ஓர் அதிகாரியம்மா. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். ஊரில் உள்ள தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோரும் அவரை 'டேப்பம்மா' என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். வேனுக்குள் ஏறியவர் அடுப்புக்கும் சுவருக்கும் இடையே அளந்தார். ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் காத்திருந்தார். குழாயைத் திறந்தார், மூடினார்.

"கை எங்க கழுவுவீங்க?"

"இதுலதான் மேடம்" என்று சிங்க்கைக் காட்டினார் டிரைவர்.

"பாத்திரம் எங்க கழுவுவீங்க?"

டிரைவர் மறுபடியும் அதே சிங்க்கைக் காட்டினார். இந்தத் தடவை கை பாதிதான் நீண்டது.

"கைக்குத் தனி, பாத்திரத்துக்குத் தனி. கை கழுவற இடத்துல வெந்நீர் வரணும். செஞ்சுட்டு வாங்க."

வீட்டுக்குத் திரும்பிய டிரைவர் தலைகீழாக நின்று அந்த வேலையை முடித்தார். பின்பக்க மூலையில் சின்ன வாஷ்பேசின், மேலே வெந்நீர்த் தொட்டி, முழங்காலால் தள்ளினால் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு குழாய். மாமியார் வந்து பார்த்தார். முழங்காலால் தள்ளிப் பார்த்தார். கையை நீட்டினார். வெந்நீர் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் மகளிடம்.

இரண்டாவது சோதனைக்கு மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போகும்போது டிரைவர் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். டேப்பம்மாவும் இந்தத் தடவை எதற்கும் முகம் சுளிக்கவில்லை. முழங்கால் குழாயை இரண்டு தரம் இயக்கிப் பார்த்துவிட்டு, "இது யார் யோசனை?" என்றுகூடக் கேட்டார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒண்ணு. எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சிடுச்சுன்னு வச்சுக்குங்க. இப்பவே. என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க."

மாமியார் சட்டிக்கு மூடி எடுக்கப் பின்பக்கம் பாய்ந்தார். மாப்பிள்ளை கேஸ் வால்வை மூட முன்பக்கம் பாய்ந்தார். ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய அந்தச் சந்தில் இருவரும் நட்டநடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் வலது பக்கம் ஒதுங்கினால் அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். இடது பக்கமும் அப்படியே. வாயைத் திறந்து 'நகருங்க' என்று சொல்ல இரண்டு பேருக்கும் வரவில்லை. கடைசியில் மாமியார் வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார்:

"அவரை நகரச் சொல்லு."

டேப்பம்மா வேனுக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். மகள் அந்நேரம் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டம்மா பேசறீங்க?"

மாமியார் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். அதிகாரியம்மாவுக்கு விஷயம் மெதுவாக விளங்கியது. இறங்கி வெளியே வந்து நின்றார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல. உங்ககிட்டதான் இருக்கு. கேஸு, கொதிக்கிற எண்ணெய், அதுக்கு நடுவுல பேசிக்காத ரெண்டு பேரு. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அடுத்த வாரம் ஒரு தடவை வாங்க. அதுலயும் தேறலன்னா அந்த இடம் ஜூஸ் கம்பெனிக்குப் போயிடும். அவங்க ஏற்கெனவே வரிசையில நிக்கறாங்க."

திரும்பி வரும் வழியில் சீட்டியும் இல்லை, பேச்சும் இல்லை. பேச்சு வழக்கமாகவே இல்லாததுதான்.

நடந்ததைக் கேட்டதும் மகள் கைப்பையை நாற்காலியில் வீசினாள்.

"போதும்! நான் என்ன இந்த வீட்டு போஸ்ட்மேனா? இனிமே ஒரு வார்த்தை என் வழியாப் போகாது. ரெண்டு பேரும் வேனுக்குப் போங்க. பேசிட்டு வெளிய வாங்க. பேசலன்னா அங்கேயே படுத்துக்கங்க."

கொல்லையில் நின்ற வேனுக்குள் இருவரும் ஏறினார்கள். மாமியார் அடுப்புமேடையைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. மாப்பிள்ளை ஒரு ஸ்க்ரூவை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார்.

"உப்பு" என்றார் மாமியார் திடீரென்று.

"என்னது?"

"முதல் முதலா எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தப்ப... என் சூப்பை வாயில கூட வைக்கல நீங்க. எடுத்த எடுப்புல உப்பை அள்ளிப் போட்டீங்க. ஆஸ்பத்திரியே என் சூப்பைக் குடிச்சு எழுந்து நடந்துச்சு. நீங்க ருசி பாக்கறதுக்கு முன்னாடியே உப்புப் பத்தாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

டிரைவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"அத்தை, அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிட்டு இருந்துச்சு. உங்களைப் பாத்தாலே பயம். நடுக்கம் தெரியக் கூடாதேன்னு கைக்கு எட்டினதை எடுத்தேன். அது உப்பா சர்க்கரையான்னு கூட நான் பாக்கல. அப்புறம் ஒரே கரிப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன். ராத்திரி பூரா தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தேன்."

மாமியார் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மகளுக்கு, வேன் லேசாக ஆடுவது தெரிந்தது.

"பயமா? என்னைப் பாத்தா?"

"உங்க சமையற்கூடத்துல வேலை பாத்தவங்கள்லாம் நீங்க போடற சத்தத்தைப் பத்திச் சொல்லியிருக்காங்களே!"

"சத்தம் போடலன்னா அங்க ஒருத்தன் கால்ல கொதிக்கிற பால் கொட்டும். பின்னால சூடு வருது, விலகு, குனி, பிடி. நிறுத்தாம கத்தணும். வாடா போடான்னுதான் வாயில வரும்."

"அப்ப அதையே இங்கயும் கத்துங்க அத்தை."

"மாப்பிள்ளையைப் போயி எப்படி..."

"வேனுக்குள்ள நான் மாப்பிள்ளை இல்ல. உங்க கையாளு. வெளிய இறங்கினதும் மரியாதையைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. முதல் நாள் மாமியாரிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "கொஞ்சம் விலகு...ங்க." இரண்டாம் நாள் 'ங்க' போயிற்று. நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மகளிடம் கவலையோடு கேட்டார்.

"இல்லங்க, இப்பத்தான் சமாதானம் ஆகியிருக்காங்க" என்றாள் அவள்.

மூன்றாவது சோதனைக்கு மகளும் லீவு போட்டுவிட்டு வந்து கொட்டகை வாசலில் நின்றாள். டேப்பம்மா வேனில் ஏறி, தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோழி வறுத்துக் காட்டச் சொன்னார். எண்ணெய் காய்ந்தது. மாப்பிள்ளை வெங்காயம் நறுக்கினார். அதிகாரியம்மா அலமாரியை அளப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவர், சட்டென்று உரக்கக் கத்தினார்.

"தீ!"

"டேய், கேஸை மூடு!" மாமியாரின் குரலில் வேனின் தகரம் அதிர்ந்தது. "மூடி போடறேன், குனி!"

"குனிஞ்சாச்சு! கேஸ் மூடியாச்சு அத்தை! நீங்க இறங்குங்க, பின்னால வர்றேன்!"

"மூடி போட்டாச்சு! தண்ணிப் பக்கம் போகாத! இறங்கறேன், வா!"

ஓர் ஆள் போகிற சந்தில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உரசாமல் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். வாசல்படியில் கால் வைத்த மாமியார் திரும்பிப் பார்த்தார். அதிகாரியம்மா இன்னும் உள்ளேயே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உனக்குத் தனியாச் சொல்லணுமா? இறங்கு!"

மாப்பிள்ளை ஒரு கையையும் மாமியார் மறு கையையும் பிடித்து இழுத்த வேகத்தில் டேப்பம்மா வெளியே வந்து விழாத குறையாக நின்றார். இடுப்பு டேப் அவிழ்ந்து, தன் பாட்டுக்குத் தரையில் உருண்டு ஓடியது. கொட்டகையில் மற்ற வண்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் கையைப் பிடித்து இழுத்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

டேப்பம்மா மூச்சு வாங்கியபடி சட்டையைச் சரிசெய்தார்.

"இத்தனை வருஷமா சோதனை பண்றேன். எல்லாரும் தாங்க மட்டும் தப்பிச்சு ஓடுவாங்க. என்னை உள்ளயே விட்டுட்டுத்தான் ஓடுவாங்க. என்னையும் சேர்த்துக் காப்பாத்தினது நீங்கதான்." அதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேனின் பக்கவாட்டிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டு, உரிமத்துக்கான பச்சை வில்லையை ஜன்னல் கண்ணாடியில் தானே ஒட்டினார். மூலையில் காற்றுக்குமிழி இல்லாமல் கட்டைவிரலால் நீவியும் விட்டார்.

மகள் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கொட்டகை முழுக்கக் கைதட்டல். பக்கத்தில் சோதனைக்காகக் காத்திருந்த தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தன் மனைவியைப் பார்த்து, "கேட்டியா? நாமளும் கத்திப் பழகணும்" என்றார். "நமக்கு அது தனியாப் பழகணுமாக்கும்" என்றாள் அவள்.

திறப்பு நாளன்று ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் வேன் நின்றது. முதலில் வந்தவர்கள் மாமியாரின் பழைய சமையற்கூட ஆட்கள். அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டதாம். கேட்டதும் கால் தானாக இந்தப் பக்கம் நடந்ததாம். பிறகு நர்ஸுகள், ஆம்புலன்ஸ்காரர்கள், வார்டில் இருக்கும் உறவுக்காரர்களுக்காக நாள் முழுக்கக் காத்திருந்து முகம் வாடியவர்கள். வரிசை வாசலைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி வளைந்தது.

"சூப்பு ரெண்டு, ரொட்டி நாலு, சூடு வருது, கையை எடு!"

"எடுத்தாச்சு அத்தை! அடுத்து கோழி மூணு!"

உச்சி வெயிலில் வெள்ளைக் கோட்டோடு மகள் வந்தாள். வரிசையைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு நேராகப் பின்கதவுக்குப் போனாள்.

"அம்மா, எனக்கு இடைவேளை கொஞ்ச நேரம்தான். ஒரு சூப்பு குடு."

உள்ளேயிருந்து இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன.

"வரிசையில வா!"

அவள் சிரித்துக்கொண்டே மருந்துக்கடையைத் தாண்டிப் போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள்.