வேண்டாத சத்தம்

என் வீட்டுக்காரர் ஆதிகேசவன் வைட்ஃபீல்டில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். ரோட்டுத் தூசியைத் தின்று தின்று வீசிங் வந்துவிட்டது. ஆனால் மனதுக்குள் தான் பெரிய கேமராமேன் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு எங்களைத் துரத்துவார். நான் பருப்பு கடைந்தால் வீடியோ, மகள் லாவண்யா தலை பின்னினால் வீடியோ, மகன் கிரண் குப்புறப் படுத்துத் தூங்கினால் அதற்கும் ஒரு வீடியோ.

"குடுங்க, உங்கள ஒண்ணு எடுக்கிறேன்" என்றால் தரமாட்டார். எடுக்கும்போது வாயையும் திறக்கமாட்டார். தன் குரல் விழுந்தால் படம் கெட்டுவிடுமாம். வாயை மூடினால் மூக்கு சும்மா இருக்குமா? புஸ் புஸ் என்று அது பாட்டுக்கு இழுக்கும்.

"இன்னாங்க, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறீங்களா?" என்பேன். அவர் சிரிப்பை அடக்குவார். இழுப்பு இன்னும் கூடும்.

போன தை மாதம் அவர் செத்துப்போனார். நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுரா வீட்டுச் சுவரில் மாட்ட லைசென்ஸ் போட்டோவைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது. போலீஸ் பிடித்து வைத்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தனை வீடியோவிலும் அவர் எங்கேயும் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. வேலை செய்யும் வீடுகளிலிருந்து மதியம் திரும்பியதும் அவருடைய போனைக் காதோடு அழுத்தி, சத்தத்தை முழுக்க ஏற்றி, கண்ணை மூடிக் கேட்பேன். படம் எனக்கு எதற்கு? இதை யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள்.

கிரண் பார்த்திருக்கிறான். வீடியோவில் நாங்கள் பேசுவது சரியாகக் கேட்காமல்தான் அம்மா இப்படித் திணறுகிறாள் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். போன் மெதுவாக ஓடுகிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று வாங்கிப் போனான். வருஷ திதிக்கு முதல்நாள் லேப்டாப்பை என் முன்னால் வைத்தான்.

"எல்லா வீடியோவையும் எடிட் பண்ணிட்டேம்மா. இப்பக் கேளு, தியேட்டர் மாதிரி இருக்கும்."

உண்மைதான். லாவண்யாவின் வளையல் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. "சைக்கிளுக்குக் காத்தடிக்கிறீங்களா?" என்று என் குரல் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆளில்லாத இடத்தைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இழுப்பு எங்கடா?"

"எந்த இழுப்பு?"

"உங்கப்பா மூச்சுடா!"

கிரணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்துச்சும்மா. மைக்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"சரி, பழசப் போடு."

"போன் ஹேங் ஆயிக்கினே இருந்துச்சு. பழசெல்லாம் அழிச்சுட்டுத்தான் இத ஏத்துனேன்."

"ரெண்டாவது தபா கொன்னுட்டியேடா!" என்று கத்தினேன். சொல்லக்கூடாத வார்த்தை. அவன் அந்தப் போட்டோவுக்குக் கீழேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதான். அவனுக்கும் அப்பாதானே. ஆத்திரத்தில் அது எனக்கு மறந்துபோயிற்று. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினேன்.

சட்டென்று அவன் நிமிர்ந்து லேப்டாப்பில் எதையோ தேடினான். வேண்டாத சத்தத்தை நீக்க, அது எப்படி இருக்கும் என்று முதலில் சாஃப்ட்வேருக்குக் காட்ட வேண்டுமாம். யாரும் பேசாத இடத்தில் ஒரு துண்டு வெட்டி, 'இது வருகிற இடத்திலெல்லாம் எடுத்துவிடு' என்று சொல்ல வேண்டுமாம். அந்தத் துண்டைத் தனியாக வைத்திருந்தான். அதற்கு நாய்ஸ் என்று பெயர் போட்டிருந்தான்.

"இது ஒண்ணுதாம்மா மிச்சம்."

திரையில் படம் கிடையாது. புஸ் என்று ஒரு இழுப்பு வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது பாதியிலேயே அறுந்துபோயிற்று. கிரண் திரும்பப் போட்டான். திரும்பவும் அதே இடத்தில் அறுந்தது.

நான் லேப்டாப்பை மடியில் இழுத்து, குனிந்து காதை வைத்துக்கொண்டேன்.

"இன்னாங்க, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

இழுப்பு கூடவில்லை.