வலியை விசாரித்தவர்: அம்மிணி

ராஜையன் அண்ணனுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். விடிய விடியப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று மகள் ஷைஜா அழுவாள். ஆனால் ஆஸ்பத்திரி ஆள் யார் விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "சொகந்தான். ஒங்களுக்கு சொகமா?"

நான் ஸ்மிதா, வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து, ரப்பர் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால் அவர் வீடு. கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை கொடுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. பத்துக்கு எத்தனை வலி என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் தன் காதால் கேட்க வேண்டும். ஏழுக்குக் குறைந்தால் மாத்திரையைத் தொடங்க முடியாது; தொடங்கிவிட்டால் நிறுத்த மாட்டார்கள். மூன்று மாதமாக அண்ணனின் படிவத்தில் பூஜ்யம். பெரிய மனிதர் சுகம் விசாரித்தால் சுகம் என்று சொல்வதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

இந்த முறை ஒத்திகை வைத்தோம். நான் டாக்டராக நடித்து "வலி எத்தனை?" என்றதும் "எட்டு" என்று அழகாகச் சொன்னார். அசல் டாக்டர் பெனிட்டோ வந்து, "எப்பிடி இருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்டதுதான் தாமதம், வியர்க்க விறுவிறுக்க எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சொகந்தான் டாக்டரே. ஏட்டி ஷைஜா, டாக்டருக்கு கட்டஞ்சாயா போடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் படிவத்தை அணையில் வீசியிருப்பேன். ஷைஜா எங்களை முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

"அப்பா அம்மிணிக்கிட்ட மட்டுந்தான் உள்ளதைச் சொல்லுவாவ, சிஸ்டர்."

அம்மிணி ஒரு ஆடு.

டாக்டர் விதி அச்சிட்ட தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கேள்வியை யார் கேட்பது என்று இல்லை. "அப்ப அவிழ்த்து விடுங்க" என்றார்.

ஜன்னலை ஒட்டிக் கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்று பேரும் அந்த நாற்றத்தில் ஒளிந்து நின்றோம். அம்மிணி உள்ளே போய்க் கட்டிலில் தலையை வைத்து "மே" என்றது.

"வந்தியாட்டி? ஆஸ்பத்திரிக்காரங்க வலிய பத்தோட நிப்பாட்டிட்டாவ. பத்துக்கு மேல எண்ணப்பிடாதா?" என்றது ராஜையன் அண்ணனின் குரல். "நேத்து செத்தாப் போதும்னு இருந்துது மக்கா. ஷைஜாகிட்ட சொல்லிராத."

ஷைஜா முகத்தை ஷீட்டில் அழுத்திக்கொண்டாள். டாக்டர் நின்ற நிலையிலேயே பத்து என்று எழுதினார். 'வலியை விசாரித்தவர்' என்ற இடத்தில் அம்மிணி. 'உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது.

"குடும்பம்னு போடுங்க டாக்டர்" என்றேன். போட்டார். மாத்திரையை அன்றைக்கே கொடுத்தோம்.

பத்து நாள் கழித்துப் போனேன். "சொகந்தான் சிஸ்டர்" என்றார். நான் நம்பவில்லை. ஆட்டை அவிழ்த்துவிட்டு ஷைஜாவோடு ஷீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அம்மிணி "மே" என்றது. பதில் இல்லை. இன்னும் இரண்டு முறை கத்திப் பார்த்தது.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். படிவத்தில் பூஜ்யம் போட்டேன், அழுதுகொண்டே.