புதன்கிழமை லீவுக்காரன்

"உங்க ஏரியா" என்ற சொல்லைக் கேட்டாலே மாரிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பெனிப் பிரதிநிதி பெலிக்ஸ் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் கடைக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் போகமாட்டான். அன்றைக்கும் அவள் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னான்.

"கேம் கன்சோல் விலை ஆறாயிரம் ஏறிருச்சு மேடம். சென்னையில, கோயம்புத்தூர்ல அப்பவும் ஓடுது. உங்க ஏரியாவுக்கு அந்த ரசனை இல்ல. தீபாவளிக்குள்ள இந்த ஆறு பெட்டியும் வித்தாத்தான் டீலர்ஷிப் இருக்கும்."

ரசனை இல்லையாம்! கடையில் ஓசியில் விளையாடிப் பார்க்க வைத்திருந்த டிவிக்கு முன்னால் வன்னியம்பட்டிக்காரர்களும் சேத்தூர்க்காரர்களும் முண்டியடிப்பதை அவன் கண் கொண்டு பார்த்ததில்லை. ரசனை நிறையவே கிடக்கிறது, ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எங்கே போவார்கள்? சென்னைச் சம்பளத்துக்கு வைத்த விலையை மில் சம்பளத்துக்கும் அப்படியே வைத்தால் எவன் வாங்குவான்? டீலர்ஷிப் போனால் கடையில் மிஞ்சுவது சார்ஜரும் இயர்போனும்தான். நான்கு வருடம் நாயாய் அலைந்து வாங்கியதை விடுவதாக இல்லை அவள்.

ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் பால்பாண்டி புதன்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவான். அரைமணி நேரம் விளையாடுவான், விலை கேட்பான், போய்விடுவான். இந்தத் தடவை அவள் விடவில்லை.

"ஏன் தம்பி, வாரவாரம் கேக்கியே, வாங்குனா என்ன?"

"எனக்கு லீவே புதன் ஒரு நாளுதான்க்கா. அந்த ஒரு நாளைக்கு அம்புட்டு ரூவாயா? மத்த ஆறு நாளும் பொட்டி சும்மால்ல கெடக்கும்."

மாரிசெல்விக்குச் சட்டென்று பிடிபட்டது. "நாலு பேரு சேந்து வாங்குங்களேன். போனஸ்ல ஆளுக்கு ஒரு பங்கு."

அன்றைக்கே கடையில் நின்றபடி போனில் பேசி, மூன்று சிநேகிதர்களைச் சேர்த்து வாங்கிவிட்டான் பால்பாண்டி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த புதன் மதியமே நான்கு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டையோடு வந்து நின்றார்கள். ஒரே மில், ஒரே செக்ஷன். நான்கு பேருக்கும் புதன்தான் லீவு! மற்ற ஆறு நாளும் பெட்டி சும்மாதான் கிடந்திருக்கிறது.

தப்பு அவளுடையது. ஆளைக் கேட்டாளே தவிர, லீவைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கப்பட்டு உட்கார நேரமில்லை. "செத்த பொறுங்க. நாலு பேரையும் நாலு பொட்டிக்குப் பிரிச்சு விடுதேன்" என்றவள், அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஷிப்ட் விடும் நேரத்தில் மில் வாசலில் நின்றாள். யாரிடமும் முதலில் பேர் கேட்கவில்லை. "உனக்கு என்னைக்கு லீவு? எந்த வளவுல குடியிருக்க?" ஒரே வளவில், ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தாலும், லீவு வேறு வேறாக இருந்தால்தான் சேர்த்தாள். சிலர் சிரித்தார்கள், வாட்ச்மேன் விரட்டினார். மறுநாளும் போய் நின்றாள். பஞ்சு ஒட்டிய தலையோடு வந்த மாரீஸ்வரி, "ஏன், பொம்பளைங்க வெளையாடக் கூடாதோ? எங்க வளவுல வெள்ளிக்கிழமை எனக்குப் போடுங்க" என்றாள். மாரிசெல்விக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் பெலிக்ஸ் வந்தபோது அலமாரியில் பெட்டி எதுவும் இல்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு வளவு, ஒவ்வொன்றிலும் நாலு பேர், பேருக்கு நேரே கிழமை.

வாயைப் பிளந்து பார்த்தான் அவன். பிறகு தொண்டையைச் செருமினான். "டீலர்ஷிப் உங்களுக்குத்தான் மேடம். ஆனா தீபாவளி கழிச்சு விலை இன்னும் ஏறுது. உங்க ஏரியா தாங்குமா?"

மாரிசெல்வி சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துப் புதிதாக ஒரு தாளில் கோடு போட ஆரம்பித்தாள்.

"ஏறட்டும் சார். வாரத்துக்கு ஏழு நாளு. நான் இன்னும் பொட்டிக்கு நாலு நாளுதான வித்திருக்கேன்."