பின்சுவர் மனோரஞ்சிதம்

பஸ் ஓட்டிய காலத்தில் அவருக்கு ‘ஹாரன்’ என்றுதான் பட்டப்பெயர். காக்கை குறுக்கே பறந்தால்கூட அடிப்பார் என்று டிப்போவில் சிரிப்பார்கள். சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்ட பிறகு அவர் சத்தமே வெளியே வரவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி தையல் கம்பெனிக்குப் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் திரும்பி வரும்வரை அசையமாட்டார்.

அவள்தான் ஒரு மனோரஞ்சிதக் கன்று வாங்கிவந்து பின்சுவரோரம் நட்டாள். எந்நேரமும் இலை பச்சையாக இருக்கும், பூத்தால் தெருவே மணக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் முதலில் சட்டை செய்யவில்லை. தண்ணீர் ஊற்றக்கூட அவள் கெஞ்ச வேண்டியிருந்தது. பிறகு மெல்ல மெல்ல அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. கொழுந்தைத் தடவிப் பார்த்துக் கயிற்றில் ஏற்றுவார். மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவார். காய்ந்த குச்சிகளைக் கிள்ளுவார். முள் குத்தினால் கொடியைத் திட்டுவார்.

நான்காம் வருடம் பூத்தது. பச்சை இலைக்குள் பச்சைப் பூ. அவளுக்கே கண்ணில் படாது. அவர் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மஞ்சளாகிக் கனிந்த பூவைப் பறித்து அவள் கையில் வைத்து, “கண்ணிருந்து என்ன புண்ணியம்?” என்று கேலி செய்வார். பழைய ஹாரன் திரும்பி வந்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

கொடி சுவரைத் தாண்டி ஓட்டில் ஏறியது. அவரும் ஸ்டூல் போட்டு ஏறினார். ஒரு மாலை அவள் வந்தபோது சிமென்ட் தரையில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது, எழ முடியாமல் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த முறை இடுப்பு போனால் படுக்கைதான் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்த மறுநாளே ஸ்டூல் மறுபடி சுவரோரம் இருந்தது. அவள் ஒளித்துவைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒரு காலை, அவர் குளிக்கும் நேரத்தில், அவள் ரம்பத்தை எடுத்து அடித்தண்டை அறுத்தாள். அறுத்த இடம் தெரியாமல் மண்ணைக் குவித்தாள். கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

சில நாள் இலை அப்படியே இருந்தது. பிறகு சுருண்டது. அவர் தவித்துப்போனார். தண்ணீர் கூடிவிட்டதோ, வேர் அழுகிவிட்டதோ என்று தன்னையே நொந்துகொண்டார். “நான்தான் கெடுத்துட்டேன் போல,” என்றார். அவள் சோறு போட்டுக்கொண்டே, வெயில் அதிகம் என்றாள்.

வேர் அழுகியிருக்கிறதா பார்க்க அவர் மண்ணைத் தோண்டினார். அன்று அவள் வந்தபோது அடித்தண்டின் மேல் விரலை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ரம்பமா?”

“ஆமாங்க.”

“நான் விழுந்ததுக்கா?”

“ஆமா. பகல் பூரா அங்க ஊசியில நூல் கோக்க முடியல. நீங்க விழுந்து கிடக்கிற மாதிரியே இருக்கு.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பேனே.”

“விட்டிருக்க மாட்டீங்க.”

அவர் யோசித்தார். “மாட்டேன்தான்,” என்றார். தண்டைத் தடவிக்கொண்டே, “ஆனா நான்தான் கெடுத்துட்டேன்னு புலம்புனப்ப, அப்பவாவது சொல்லியிருக்கலாம்,” என்றார்.



மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் காய்ந்த கொடி முழுவதையும் அவர் வெறும் கையால் பிய்த்து இழுத்துப் போட்டார். மாலையில் விளக்கடியில் உட்காரவைத்து உள்ளங்கை முட்களை அவள் ஊசியால் எடுத்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை, கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. வேறு கன்று வாங்கி வரட்டுமா, ஏறாத செடியாக, என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

அதன்பிறகு அவர் விழவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால்தானே விழ. அவளுக்கு இப்போது கம்பெனியில் நூல் ஒழுங்காகக் கோக்க வருகிறது. ஓவர்டைம் இருந்தால் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.