மீற்றர் சொன்ன ஓம்

என்னோடு வேலை செய்யும் லக்ஷனுக்கு என் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. அதற்காகவே இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். சண்டிலிப்பாயில் நாங்கள் இன்வேர்ட்டர் திருத்தும் கடையில், மேசைமேல் மின்சாரம் அளக்கும் ஒரு மல்ரிமீற்றர் இருக்கிறது. அதை அவன் இணுவிலில் தன் வீட்டிலிருந்தபடியே கணினியால் இயக்குவான். இங்கே மீற்றரின் இரண்டு கம்பிகளையும் பிடிப்பது என் வேலை. அளவு அங்கே போய்ச் சேரும். அதைத் தமிழில் உரக்கச் சொல்ல ஒரு புரோகிராமும் எழுதி வைத்திருந்தான். வாயே திறக்காதவனுக்கு வாயாடிக் கணினி.

மீற்றரின் சின்னத் திரைக்கு அவன் ஆங்கில எழுத்தில் ஏதாவது எழுதியும் அனுப்பலாம். 'கம்பியை மாத்துங்கோ' என்று வரும். 'தர்சினி தேத்தண்ணி குடிச்சாச்சோ' என்றும் வரும். தேத்தண்ணிக்கும் இன்வேர்ட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வாயைத் திறந்து கேட்கமாட்டானா என்றுதான் எரிச்சல்.

அன்று காலை திரையில் 'சம்மதமா' என்று வந்தது.

கம்பியைப் பற்றிய கேள்வி அல்ல என்று உடனே விளங்கியது. அந்த நேரம் பார்த்து முதலாளி தம்பிராசா வந்து நின்றார். அழிக்கப் பார்த்தேன். லக்ஷன் அங்கிருந்து இயக்கும்போது இங்கே ஒரு பொத்தானும் வேலை செய்யாது.

"உது என்ன கேக்குது?" என்றார்.

சோதனையைத் தொடங்கலாமா என்று கேட்கிறது என்று புளுகினேன். அந்தக் கடையில் அவரிடம் யாரும் அனுமதி கேட்டதே இல்லை. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. 'ஓ, தொடங்கு' என்பதுபோல இரண்டு கம்பியையும் தானே எடுத்து, நுனியோடு நுனியை மூன்று தரம் முட்டவைத்தார்.

மின்தடையை ஓம் கணக்கில்தான் அளப்பது; நுனிகள் முட்டினால் தடை பூச்சியம். எங்கள் ஊரில் சம்மதத்துக்கும் அதே சொல். இணுவிலில் கணினி மூன்று தரம் "பூச்சியம் ஓம்" என்றிருக்கிறது. லக்ஷனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாய்க்கும் கேட்டிருக்கிறது. பூச்சியத்தை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

பின்னேரம் தாயும் மகனும் ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்தார்கள். என் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளை மூண்டு தரம் ஓம் எண்டு சொன்னதாம்" என்று லக்ஷனின் தாய் பூரித்துப்போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கல்யாணத்துக்கு முதலாளியா சம்மதம் சொல்வது?

"ஓம் சொன்னது எங்கடை முதலாளி, அன்ரி" என்றேன். "என்னை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

லக்ஷனின் முகம் கறுத்துவிட்டது. பாவமாக இருந்தது. எழுந்து போய்விடுவானோ என்று பயமாகவும் இருந்தது. எழுந்தேவிட்டான். ஆனால் வாசல் படலைப் பக்கம் போகவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "தர்சினி, என்னைக் கட்டுறீங்களோ?" என்றான். பாதிக் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது.

"கேக்கேல்லை" என்றேன். "இன்னொருக்காப் பெலத்துச் சொல்லுங்கோ."