பதினாலாம் நம்பர், எந்த பிளாக்?

பரிசோதனைப் பொத்தானை அழுத்தியதும் சைரன் ஊதத்தான் செய்தது. ஆனால் முகத்துவாரக்குப்பத்தில் அல்ல, தொழிற்சாலையின் மெயின் கேட்டில்.

சங்கமித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். எண்ணூரில் அந்தத் தொழிற்சாலையின் வாயுக்கசிவைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் கிழட்டுப் பிறவி. சைரன் கார்டு அதில் மட்டும்தான் பொருந்தும் என்பதால் கடாசவும் வழியில்லை. புது மென்பொருளுக்கோ, முப்பத்திரண்டு பிட்டுக்கு எட்டும் நாலு ஜிபி மெமரி போதவில்லை. ஆகவே மெஷினை எழுப்பும் ஃபர்ம்வேரை முப்பத்திரண்டு பிட்டிலிருந்து அறுபத்து நாலுக்கு மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

குப்பத்துச் சைரன் கம்பத்தடியில், ஊதுகிறதா என்று சொல்ல, போனும் கையுமாக நின்றிருந்தாள் மீன் விற்கும் வேம்பு. "இன்னாம்மா, இங்க ஒரு சத்தமும் இல்லியே. புள்ளிங்க ஸ்கூலு பக்கத்துலயே கீது."

மேற்பார்வையாளர் ஜெபின் நல்ல மனுஷன்தான், அவசரக்காரர். எங்கேயாவது ஊதினால் சரி, கேட்டிலிருந்து யாராவது ஓடிப்போய்ச் சொல்லட்டுமே என்றார். வேலை முடிந்தது என்று கையெழுத்திடும் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

ஓடிப்போய்ச் சொல்வதற்குள் என்ன ஆகும் என்று சங்கமித்ராவுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் அப்பா கோதண்டம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான். பதினாலாம் நம்பர் என்றாள். பிளாக் பெயரைச் சொல்லவில்லை. அங்கே யாரும் சொல்வதில்லை. அதே பிளாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பதினாலு என்றால் ஒரே ஒரு கதவுதான். வண்டி வேறொரு பிளாக்கின் பதினாலாம் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தது. வழி தெரிந்து வந்தபோது அப்பா இல்லை. அந்த இருபது நிமிஷத்துக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

பதினாலு. அவள் சடாரென்று கீபோர்டுக்குத் திரும்பினாள்.

குப்பத்துச் சைரனின் விவரம் இப்போது மெமரியின் மேல்பகுதியில் இருந்தது. அதன் முகவரியை மென்பொருளுக்குக் கொடுக்கும் பழைய வரி ஒன்று, முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் கொடுத்தது. அந்தப் பின்பாதி எண்ணில், கீழே, கேட் சைரன் உட்கார்ந்திருந்தது. பழைய முப்பத்திரண்டு பிட்டில் முன்பாதி என்று ஒன்றே கிடையாது. வரி ஒருநாளும் தப்பியதில்லை. அந்த நம்பிக்கையில் அதைத் தொடாமல் விட்டவள் அவளேதான்.

"சார், தப்பு என்னுது. அட்ரஸ பாதிதான் குட்த்துகீறேன். இதுக்குக் கையெழுத்து போட மாட்டேன்."

ஜெபின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வரியைத் திருத்தி, சிப்பில் மறுபடி எழுதி, மெஷினை எழுப்ப ஒரு மணி நேரம் ஆனது. பரிசோதனைப் பொத்தானை அழுத்தினாள். கேட் அமைதியாக இருந்தது. போனில் சைரன் அலறியது, அதற்கு மேலாக வேம்பு கத்தினாள்: "ஊதுதும்மா, புள்ளிங்க எல்லாம் வெளிய வந்துச்சுங்க."

சங்கமித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள். பெயருக்குக் கீழே வீட்டு முகவரி கேட்டிருந்தது. ஜி பிளாக் என்று முதலில் எழுதினாள். அப்புறம்தான் பதினாலு.