வராந்தாவுக்குக் கேட்கும் குரல்

"ஒண்ணு. கையைத் தலைக்கு மேல தூக்குங்க, மூச்சை உள்ள இழுங்க. ரெண்டு. குனிஞ்சு தரையைத் தொடுங்க, மூச்சை வெளிய விடுங்க. மூணு. வலது கால் பின்னால போகட்டும்..."

சந்திரலேகா கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை, ஒருத்தியும் குனியவில்லை. நாற்பது பெண்கள் நாற்பது நீல யோகா மேட்டுகளில் மல்லாந்தும் ஒருக்களித்தும் சுருண்டும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மணி ஐந்து முப்பத்தைந்து, விடியற்காலை.

ஒரகடம் சாலையில் காருக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துச் சுற்றும் கம்பெனி அது. கேன்டீனுக்கு மேலே இருக்கும் கூடத்தில் ஐந்தரை முதல் ஐந்து ஐம்பது வரை யோகா, ஆறு மணிக்கு ஷிப்ட். பெண் தொழிலாளர்களுக்கு முதுகுவலியும் கழுத்துவலியும் அதிகம் என்று யாரோ வந்து கணக்கெடுத்துச் சொன்னார்களாம். உட்கார ஆளுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தால் பாதி வலி போயிருக்கும். கம்பெனி யோகா கொடுத்தது. அதற்குச் சந்திரலேகாவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது.

முதல் மூன்று வாரம் அவள் ஒழுங்காகத்தான் நடத்தினாள். நிலா என்கிற பெண் ஒருநாள் 'ரெண்டு' என்றதும் குனிந்தாள், குனிந்தவள் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே தூங்கி, அப்படியே முன்னால் சாய்ந்து, நெற்றி தரையில் மோதிக் கிழிந்து புடைத்துவிட்டது.

"எத்தனை மணிக்கும்மா எழுந்தே?"

"ரெண்டரைக்குக்கா. பஸ்ஸு மூணே முக்காலுக்கு வந்துரும். சோறு கட்டிக்கினு, தலை வாரிக்கினு வர்றதுக்கு நேரம் வேணும்ல."

மறுநாள் சந்திரலேகா கதவைச் சாத்தி, "எல்லாரும் படுங்க" என்றாள். ஆனால் வெளியே வராந்தாவில் சூப்பர்வைசர் நடந்துகொண்டே இருப்பார். உள்ளே சத்தமில்லை என்றால் எட்டிப் பார்ப்பார். அதனால் அவள் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரத்தையும் ஒன்று விடாமல் உரக்கச் சொன்னாள். மந்திரம் மட்டும் கிடையாது. சகாயமேரி முதல் நாளே, "எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா" என்று சொல்லியிருந்ததால் வெறும் எண்தான். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் 'மூணு' சொல்வதற்குள் நாற்பதும் தூங்கிவிடும். சகாயமேரி மட்டும் படுப்பதற்கு முன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள்.

குன்றத்தூரில் ஒரு வாத்தியாரிடம் பதினோரு வருஷம் கற்றவள் சந்திரலேகா. ஒரு ஆசனம்கூடச் சொல்லித்தராமல் ஆறு மாதம் ஒழுக்கத்தையே பேசிய மனுஷர் அவர். முதலில் அகிம்சை, அப்புறம் சத்தியம் என்று வரிசையாகச் சொல்ல வைப்பார். அகிம்சைதானே முதலில் வருகிறது என்று சந்திரலேகா தன்னைத் தேற்றிக்கொள்வாள். அந்தத் தேறுதல் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கும். அவளும் மூணு மணிக்கு எழுகிறவள்தான். தன் சொந்த மேட்டை விரித்தே ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. வெட்கப்படக்கூட அலுப்பாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் மார்த்தா வந்து சேர்ந்தாள்.

போலந்துக்காரி, வயது அறுபத்து மூன்று. வாத்தியார் ஒரே ஒரு தடவை வெளிநாடு போய் இரண்டு மாதம் பாடம் நடத்தியிருக்கிறார், அந்த வகுப்பில் இருந்தவள். அன்றிலிருந்து முப்பது வருஷம் விடாமல் தனியாகப் பயிற்சி செய்திருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தியாவுக்குப் போய் முறையாகக் கற்றுக்கொள்வது என்று வைத்திருந்தாள். ஓய்வு வருவதற்குள் வாத்தியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. குன்றத்தூர் வீட்டில் இப்போது செல்போன் கடை. கடைக்காரர்தான் சந்திரலேகாவின் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், முதுகில் மூட்டையோடு, லாரிப் புகைக்கு நடுவே நின்றிருந்தாள். மிஷின் பழுதுபார்க்க வருகிற இன்ஜினியர்கள் தங்கும் லாட்ஜில் அறையும் எடுத்துவிட்டாள். இருவருக்கும் ஆங்கிலம் பாதிதான். நிறுத்தி நிறுத்திப் பேசியதால் புரிந்தது.

"ஆறு வாரம் இருப்பேன். அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எனக்குச் சொல்லிக்கொடுங்கள்."

முடியாது என்று சொல்லத்தான் சந்திரலேகா வாயெடுத்தாள். முடியாது என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. "மத்தியானம் வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"காலையில்?"

"கம்பெனியில் வகுப்பு இருக்கிறது."

"அப்படியானால் அதை நான் முதலில் பார்க்க வேண்டும்."

மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'விசிட்' என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். மார்த்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'பாரம்பரிய ஆசிரியரிடம் யோகா கற்பதற்காக' என்று அழகாக எழுதினாள். அவர்கள் மாடி ஏறுவதற்குள் அந்தப் பக்கம் போட்டோவாகி ஹெச்.ஆர். ஹேமந்தின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது.

கூடத்தில் பெண்கள் ஏற்கெனவே படுத்திருந்தார்கள். இன்று ஒருநாள் எழுப்பி விடலாமா என்று சந்திரலேகா நினைத்தாள். மனசு வரவில்லை. "ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். மார்த்தா கதவருகே நின்று பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் நடந்துபோய், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் கிடந்த நிலாவின் கால்மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து ஐம்பதுக்கு மணி அடிக்கும்வரை அசையவில்லை.

வெளியே டீக்கடையில் சந்திரலேகாதான் முதலில் பேசினாள்.

"மன்னிச்சுக்கணும். நீங்க பார்த்தது யோகா இல்லை. ராத்திரி ரெண்டரைக்கே எழுந்து வர்றாங்க, அதனால எட்டு மாசமா நான் பொய் சொல்லிட்டு இருக்கேன்."

"நான் இருபத்தாறு வருஷம் ராத்திரி நர்ஸாக இருந்தேன்" என்றாள் மார்த்தா. "தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் புரியவில்லை. ஏன் அவ்வளவு சத்தமாகச் சொல்கிறீர்கள்?"

"வராந்தாவுக்குக் கேட்கணும்."

மார்த்தா தலையாட்டினாள். சந்திரலேகாவின் போன் அடித்தது, ஹேமந்த்.

"மேடம், ஃபாரின்லேர்ந்து உங்ககிட்ட கத்துக்க வந்துருக்காங்களாமே, சொல்லவே இல்ல? வெள்ளிக்கிழமை நம்ம கஸ்டமர் டீம் விசிட் வர்றாங்க. காலையில யோகாலேர்ந்தே ஆரம்பிச்சிடலாம்னு பாஸ் சொல்லிட்டாரு. பன்னெண்டு ரவுண்டு சூரிய நமஸ்காரம், அந்த மேடம் முன்னாடி நிக்கட்டும்."

"சார், அது வந்து..."

"உங்க நல்லதுக்குத்தான் மேடம். புரொடக்ஷன்ல அந்த இருபது நிமிஷத்தைக் குடு குடுன்னு உயிரை எடுக்கறாங்க. லைனை அஞ்சு நாப்பதுக்கே ஸ்டார்ட் பண்ணணுமாம். வெள்ளிக்கிழமை நல்லா வந்துச்சுன்னா நான் காப்பாத்திடுவேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

போனை வைத்தபோது டீ ஆறிப்போயிருந்தது. யோகா நின்றுபோனாலும் பஸ் சீக்கிரம் வராது, தாமதமாகவும் வராது. போவது அந்த இருபது நிமிஷத் தூக்கம் மட்டும்தான்.

புதன்கிழமை சந்திரலேகா, "இன்னைக்கு நெஜமாவே செய்யணும்மா, எழுந்திரிங்க" என்றாள். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் தேவலை. நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"இன்னாக்கா, நெசமாவா?" என்றாள் நிலா. "நேத்து ஓ.டி.க்கா. வூடு போய்ச் சேர ஒம்போதாயிருச்சு. கண்ணெல்லாம் மணலு போட்டாப்ல கீது."

சகாயமேரி கையைத் தூக்கி நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாயா என்று கேட்டால், "இல்லக்கா, தூக்கம்" என்றாள். சந்திரலேகாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. "படுங்க" என்றாள். வியாழக்கிழமையும் அதே கதைதான். கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் எழுப்பி, வெள்ளைக்கார அம்மா முன்னால் நின்று செய்வார், அவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும் என்று சொல்லி அனுப்பினாள். மார்த்தா பிகு பண்ணாமல் ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. திரைச்சீலைகள் திறந்திருந்தன. எட்டு விருந்தாளிகள், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் ஹேமந்த். மனுஷனும் நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. பெண்கள் முகம் கழுவி, பொட்டுச் சிதறாமல், வரிசையாக நின்றார்கள். முன்னால் மார்த்தா.

சந்திரலேகா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒண்ணு. கையைத் தலைக்கு மேல தூக்குங்க, மூச்சை உள்ள இழுங்க."

நாற்பது ஜோடிக் கைகள் மேலே போயின. ஹேமந்த் சிரித்தான்.

"ரெண்டு. குனிஞ்சு தரையைத் தொடுங்க, மூச்சை வெளிய விடுங்க."

குனிந்தார்கள். நிலாவின் கண்கள் செருகுவதைச் சந்திரலேகா பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு மாதமாக இந்தக் குரலை இவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சொற்களுக்கு இவர்களுடைய உடம்பு தெரிந்துவைத்திருக்கும் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நிறுத்திவிடலாமா என்று நினைப்பதற்குள் வழக்கத்தில் வாய் அடுத்ததைச் சொல்லிவிட்டது.

"மூணு. வலது கால்..."

நிலா முழங்காலை ஊன்றினாள், கையை ஊன்றினாள், வீட்டில் படுப்பதுபோல ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். பக்கத்தில் சகாயமேரி அரைத்தூக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டு சாய்ந்தாள். ஒருத்தி படுத்ததைப் பார்த்து அடுத்தவள் படுத்தாள். வரிசை வரிசையாகக் கூடமே தரையோடு தரையாகிவிட்டது. ஒரு காலைப் பின்னால் நீட்டியபடி மார்த்தா மட்டும் முன்னால் தனியாக இருந்தாள், பின்னால் நடந்தது தெரியாமல்.

"மேடம், எழுப்புங்க" என்று ஹேமந்த் வாயசைத்தான்.

ஒரு கைத்தட்டல் போதும். நாற்பதும் பதறி அடித்து எழுந்துவிடும், அவ்வளவு பயம் அவர்களுக்கு உண்டு. எழுந்தால் பன்னிரண்டு சுற்றையும் எப்படியோ தப்பும் தவறுமாக முடித்துவிடலாம். சந்திரலேகா கையைத் தூக்கினாள். நிலா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் அன்றைக்கு அடிபட்ட தழும்பு தெரிந்தது. தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. என்னால் முடியாது, போவது போகட்டும் என்று நினைத்தாள்.

மார்த்தா திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்திரலேகாவைப் பார்த்தாள். எழுந்து போய், ஆஸ்பத்திரி வார்டில் செய்வதுபோல, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

விருந்தாளிகளில் ஒருவர் அவளிடம் குனிந்து, இது என்ன பயிற்சி என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தூங்குகிறார்கள்" என்றாள் மார்த்தா. "இரண்டரை மணிக்கு எழுந்தவர்கள்."

சந்திரலேகா, "நாலு" என்று சொன்னாள். இனி வராந்தாவுக்குக் கேட்கத் தேவையில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். விருந்தாளிகள் ஒருவர்பின் ஒருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். ஹேமந்த் கதவருகே நின்றான்.

"காப்பாத்தணும்னுதான் மேடம் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவனும் போனான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

மணி அடித்தது. நிலா எழுந்து விளக்கணைந்த கூடத்தைப் பார்த்தாள், காலி வாசலைப் பார்த்தாள்.

"அய்யோ, தூங்கிட்டமாக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப நாளைக்கு?"

"நாளையிலேர்ந்து லைன் சீக்கிரம் ஆரம்பிச்சிடுவாங்கம்மா. பஸ்ல சீட்டு கெடைச்சா தூங்கிடு."

நிலா மேட்டைச் சுருட்டினாள். எப்போதும்போல ஓரம் பிசகாமல் சுருட்டி, அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பஸ்ல தூக்கம் வராதுக்கா, ஒரே குலுக்கல். நீங்க பேசுனா வரும். போன்ல பேசிப் போட்டுவுடுறீங்களா? காதுல மாட்டிக்கினு வருவோம்."

சந்திரலேகா பதில் சொல்வதற்குள் அவள் லைனுக்கு ஓடிவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்து சிமென்ட் பெஞ்சில் சந்திரலேகா உட்கார்ந்தாள். மார்த்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து, லாரிச் சத்தம் விழாதபடி தன் மூட்டையை எடுத்துச் சாலைப் பக்கமாக வைத்தாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் வைத்தாள்.

சந்திரலேகா போனை வாயருகே பிடித்தாள். "ஒண்ணு. கையைத் தலைக்கு மேல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அதை அழித்தாள். இன்னொரு தடவை அமுக்கினாள்.

"நிலா, சகாயமேரி, எல்லாரும் கேளுங்கம்மா" என்றாள். "ஒண்ணும் செய்ய வேணாம். கையைத் தூக்க வேணாம், குனிய வேணாம். கம்பெனி வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. தூங்குங்க."